என் பாவங்களுக்குப் பாஸ்டர் தலையாட்டிய கதை

இதை எழுதாமலே விட்டுவிடலாம் என்றுதான் இருந்தேன். பெரிய காரணம் ஒன்றுமில்லை, சோம்பல். இன்னொன்று, நான் இரட்சிக்கப்பட்ட கதையை யாரிடம் சொன்னாலும் பாதியிலேயே சிரிக்க ஆரம்பித்துவிடுகிறார்கள். சிரிக்கட்டும், சிரிப்பு வருகிற கதைதான். ஆனால் சிரித்து முடித்துவிட்டு, "சரி, அடுத்து யாரு மாதிரி பேசிக் காட்டப்போற?" என்று கேட்கும்போதுதான் எழுந்து போய்விடலாம் போலிருக்கிறது. எழுதிவிட்டால் யாரும் என் முகத்தைப் பார்க்க வேண்டியதில்லை. முகம்தான் எனக்குப் பிரச்சினை. சும்மா இருந்தாலும் யாரையோ கேலி செய்வது போலவே இருக்கும்.

நான் கொச்சி மட்டாஞ்சேரியில் பிறந்த தமிழன். கொத்தனார் வேலைக்கு நாகர்கோவில் பக்கத்திலிருந்து வந்த அப்பா இங்கேயே தங்கிவிட்டார். எனக்கும் பள்ளிக்கூடத்துக்கும் ஒன்பதாம் வகுப்புக்கு மேல் ஒத்துவரவில்லை. மலையாளம் படித்தால் ஓடும், தமிழ் படித்தால் நொண்டும். கொச்சங்காடி குடோன்களிலிருந்து சுக்கு மூட்டையும் மிளகு மூட்டையும் ஏற்றிப்போகிற பெட்டி ஆட்டோ ஓட்டுகிறேன். அது வயிற்றுக்கு. மனசுக்கு டீக்கடை. அங்கே நான் செய்யாத ஆள் கிடையாது. குடோன் முதலாளி இருமுவது, வாழைக்குலை விற்கிற ஆள் போனில் மனைவியிடம் கெஞ்சுவது, போலீஸ்காரர் ஓசியில் சாயா குடித்துவிட்டு வாட்சைப் பார்ப்பது, எல்லாம் என் கையில்.

எனக்குக் கைதட்டுவதற்கென்றே கடவுள் ஒருவனைப் படைத்து தேனிப் பக்கத்திலிருந்து அனுப்பி வைத்திருந்தார். பள்ளுருத்திக்குப் போகிற வழியில் ஒரு ஹோட்டலில் பரோட்டா மாஸ்டர். மாவைத் தூக்கி அடிக்கிற கை என்பதால் கைதட்டினால் தெருவே திரும்பிப் பார்க்கும். என்னை அவன் அளியா என்பான், நானும் அவனை அளியா என்பேன். இந்த ஊரில் நண்பனை அப்படித்தான் கூப்பிடுவார்கள்.

வீட்டில் எல்லோரும் கிறிஸ்தவர்கள். நானும்தான், கிறிஸ்துமஸ் கேக் வரைக்கும்.

டீக்கடைக்கு எதிரே ஒரு சுக்குக் குடோன். அதன் மாடியில் ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் தமிழ் ஆட்கள் கூடி ஜெபம் பண்ணுவார்கள். ஹோட்டல்காரர்கள் மதியச் சாப்பாட்டு வேலையை முடித்துவிட்டு வருவார்கள், கட்டட வேலைக்காரர்கள் குளித்துவிட்டு வருவார்கள். கீழேயிருந்து சுக்குத் தூசி ஏறி வரும் என்பதால் பாட்டுக்கு நடுவே யாராவது தும்முவார்கள். அந்தத் தும்மல்களையும் நான் செய்து காட்டுவேன்.

பிரசங்கம் பண்ணுகிறவர் மலையாளி. காக்கநாட்டில் ஒரு கம்பெனியில் கம்ப்யூட்டர் வேலை. முப்பது வயதைத் தாண்டியிருக்காது. எல்லோரும் பாஸ்டர் என்று கூப்பிடுவார்கள், நான் மலையாளத்தில் அண்ணா என்கிற மாதிரி சேட்டா என்று கூப்பிடுவேன். நல்ல மனிதர், ஆனால் தமிழ் வராது. யார் எதைச் சொன்னாலும் புரிந்தது போலத் தலையாட்டி, "ஸ்தோத்திரம்" என்பார். அதனால் அவர் மலையாளத்தில் ஒரு வரி சொல்ல, பக்கத்தில் ஒருவர் நின்று அதைத் தமிழில் சொல்ல வேண்டும்.

இந்தப் பக்கத்தில் நிற்கிற வேலைக்கு ஒரு முறை இருக்கிறது. பாஸ்டர் "எனக்குக் காய்ச்சல் வந்தது" என்றால், "பாஸ்டருக்குக் காய்ச்சல் வந்ததாம்" என்று சொல்லக்கூடாது. இவரும் "எனக்குக் காய்ச்சல் வந்தது" என்றே சொல்ல வேண்டும். அவர் கையைத் தூக்கினால் இவரும் தூக்க வேண்டும், அவர் குரல் உடைந்தால் இவருக்கும் உடைய வேண்டும். கேட்கிறவர்கள் இரண்டு பேரையும் ஒரே ஆளாகத்தான் எடுத்துக்கொள்வார்கள். வழக்கமாக நிற்கிற தையல்காரர் தங்கை கல்யாணத்துக்கு ஊருக்குப் போய்விட்டார். இரண்டு பாஷையும் தெரிந்தவன் எதிர்க் கடையில் சும்மா உட்கார்ந்திருக்கிறான் என்று யாரோ சேட்டனிடம் சொல்லியிருக்கிறார்கள். சேட்டன் வந்து கேட்டார்.

நான் யோசிப்பதற்குள் பரோட்டா அளியன் என்னைத் தள்ளிவிட்டான். ஓசியில் ஒரு மேடை, அதிலும் பாஸ்டரை அவர் பக்கத்திலேயே நின்று நடித்துக் காட்டலாம், யாரும் ஏன் என்று கேட்க முடியாது. இந்த மாதிரி வாய்ப்பு எவனுக்குக் கிடைக்கும் என்று அவன் கேட்டது நியாயமாகத்தான் பட்டது. பார்ப்பதற்கென்றே அவனும் வந்து கடைசி வரிசையில் உட்கார்ந்தான்.

முதல் ஞாயிறே பிய்த்து உதறினேன். சேட்டன் கைக்குட்டையால் நெற்றியைத் துடைத்தால் நானும் துடைத்தேன். அவர் குதிகாலில் எம்பினால் நானும் எம்பினேன். ஆனால் அவர் சொல்கிற உதாரணமெல்லாம் காக்கநாட்டு உதாரணம். பாவம் என்பது கம்ப்யூட்டரில் வைரஸ் மாதிரி என்பார். பரோட்டா போடுகிறவனுக்கும் செங்கல் சுமக்கிறவனுக்கும் வைரஸ் என்றால் என்ன தெரியும்? நான் அதைத் தக்காளிப் பெட்டியில் அடியில் கிடக்கிற ஒரு அழுகல் தக்காளி ஆக்கினேன். பாஸ்வேர்டு மறந்துபோன கதையைச் சாவி கிணற்றில் விழுந்த கதை ஆக்கினேன். ஜனங்கள் சிரித்தார்கள், ஆமென் சொன்னார்கள். தான் இவ்வளவு வேடிக்கையாகப் பேசுகிறோமா என்று சேட்டனுக்கே ஆச்சரியம். அடுத்தடுத்த ஞாயிறுகளில் கூட்டம் கூடியது. பாஸ்டருக்கு அபிஷேகம் இறங்கிவிட்டது என்று பேசிக்கொண்டார்கள்.

அப்படி ஒரு ஞாயிறு, வழக்கம்போல எம்பிக் குதித்துக்கொண்டிருந்தேன். சேட்டன் ஒரு சாதாரண வரி சொன்னார். நீ சுத்தமாகிவிட்டு வா என்று தேவன் சொல்லவில்லை, இருக்கிறபடியே வா என்கிறார், சுத்தம் பண்ணுவது அவர் வேலை. அதைத் தமிழில் சொல்லிவிட்டு, உப்புச்சப்பில்லாமல் இருக்கிறதே என்று என் பங்குக்கு ஒரு வரி சேர்த்தேன்.

"குளிச்சுட்டு வந்து சோப்பு வாங்கு-ன்னு எந்தக் கடைக்காரனாவது சொல்வானா?"

கூட்டம் விழுந்து விழுந்து சிரித்தது. நான் மட்டும் சிரிக்கவில்லை. என் ஜோக்கு என்னையே பிடித்துக்கொண்டது. ஏனென்றால் நான் அப்படித்தான் நினைத்துக்கொண்டிருந்தேன். என்றைக்காவது கொஞ்சம் ஒழுங்கான பிறகு, கேலியெல்லாம் ஓய்ந்த பிறகு, கல்யாணம் காட்சி முடிந்து தொப்பை வைத்த பிறகு, கடவுள் பக்கம் போகலாம் என்று. இப்போதே, இந்த அழுக்கோடேயே போகலாம் என்று எனக்கு யாரும் சொல்லவில்லை. சொன்னது என் வாய். அதுவும் ஜோக்காக.

சேட்டன் எல்லோரையும் கண்ணை மூடச் சொன்னார். அவர் ஒரு வரி ஜெபம் சொல்வார், நான் தமிழில் சொல்வேன், மனம் திரும்புகிறவர்கள் என் பின்னால் சொல்ல வேண்டும். அங்கே எல்லோருமே எல்லா வாரமும் சொல்வார்கள்.

"ஞான் ஒரு பாபியாணு" என்றார்.

"நான் ஒரு பாவி" என்றேன்.

"நான் ஒரு பாவி" என்றது மாடி.

அதற்குப் பிறகு அவர் நிறுத்தினார். இந்த இடத்தில் அவர் கொஞ்ச நேரம் நிறுத்துவது வழக்கம், ஜனங்கள் யோசிக்கட்டும் என்று. நான் நிறுத்தவில்லை. ஏன் நிறுத்தவில்லை என்று இன்றுவரைக்கும் தெரியாது. வாய் தன்பாட்டுக்குப் போனது.

"கொச்சங்காடியில பாதிப்பேர நான் கேலி பண்ணியிருக்கேன் ஆண்டவரே" என்றேன்.

மாடி முழுக்க, கொஞ்சமும் தயங்காமல், கொச்சங்காடியில் பாதிப்பேரைக் கேலி பண்ணியதாக ஒப்புக்கொண்டது.

வேலைக்குப் போகிறேன் என்று அம்மாவிடம் சொல்லிவிட்டுக் கடற்கரையில் படுத்துக் கிடந்ததைச் சொன்னேன். அதையும் சொன்னார்கள். பேரன் பேத்தி எடுத்தவர்கள்கூடச் சொன்னார்கள். படகுத்துறையில் ஒருவர் பீடி பற்றவைக்கத் திரும்பிய நேரம் அவர் கூடையிலிருந்து கரிமீன் எடுத்ததைச் சொன்னேன். முன்வரிசையில் இருந்த சமையல்காரர் அண்ணன் கரிமீனில் ஒரு வினாடி இடறினார், ஆனாலும் சொல்லிவிட்டார். எனக்கு அழுகை ஒரு பக்கம், சிரிப்பு ஒரு பக்கம். தலைக்குள் யாரோ ஜன்னலெல்லாம் திறந்துவிட்டுக்கொண்டே போவது மாதிரி இருந்தது.

கடைசியில் அது வந்தது. அந்தக் கூட்டத்தில் காய்கறி வண்டி தள்ளுகிற ஓர் அக்கா உண்டு. கம்பம் பக்கத்துக்காரர். அவருக்குப் பிள்ளையில்லை. ஜெபத்தில் அதைச் சொல்லிச் சத்தம்போட்டு அழுவார். மாடி ஜன்னல் வழியாக அது கீழே டீக்கடைவரை கேட்கும். மறுநாள் காலையில் சாயா கிளாஸைக் கையில் வைத்துக்கொண்டு அதே மாதிரி, அதே ஏற்ற இறக்கத்தோடு, நான் அழுது காட்டுவேன். கடையே குலுங்கும். என் உருப்படிகளில் அதுதான் உச்சம்.

"மேல ஒருத்தி பிள்ளைக்காக அழுதா, கீழ நான் அவள மாதிரி அழுது காட்டி எல்லாரையும் சிரிக்க வச்சேன். என்னைய மன்னியும் இயேசுவே. என்னால என்னைய சரிபண்ண முடியல. நீர் எனக்காக செத்தீர்னு நம்புறேன்."

எல்லோரும் சொன்னார்கள். அக்காவின் குரல் மட்டும் பாதியில் நின்றுபோனது எனக்குக் கேட்டது.

இவ்வளவு நீளமாகத் தமிழ் போவதைக் கேட்ட சேட்டன், பையன் பின்தங்கியதைச் சேர்த்துச் சொல்கிறான் என்று நினைத்துக்கொண்டு பொறுமையாக நின்றிருக்கிறார். நான் முடித்ததும் உரக்க ஒரு ஆமென் போட்டார்.

அப்புறம்தான் வேடிக்கை. நான் என்ன சொன்னாலும் அது பாஸ்டர் சொன்னது அல்லவா? ஜனங்கள் வரிசையாகப் போய் அவர் கையைப் பிடித்தார்கள். எவ்வளவு பெரிய மனசு இருந்தால் ஒரு பாஸ்டர் இதையெல்லாம் வெளியில் சொல்வார் என்று சிலர் கண் கலங்கினார்கள். சமையல்காரர் அண்ணன் தணிந்த குரலில், கரிமீன் விஷயம் உண்மைதானா ஐயா என்று கேட்டார். சேட்டன் முகமெல்லாம் மலர, தலையைப் பலமாக ஆட்டி, ஸ்தோத்திரம் என்றார். அண்ணன் அப்படியே ஒதுங்கிப்போனார்.

பரோட்டா அளியன் படியில் உட்கார்ந்து வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தான். என் வாழ்நாள் சாதனை இதுதான் என்றான். பாஸ்டர் தலையிலேயே என் கரிமீனைக் கட்டிவிட்டேனாம். அப்படி இல்லை, நான் நிஜமாகவே ஜெபம் பண்ணினேன் என்று சொன்னேன். அதற்கு இன்னும் பலமாகச் சிரித்தான். மறுநாள் டீக்கடையில் எனக்குக் கைதட்டல். அக்கா மாதிரி அழச் சொல்லிக் கேட்டார்கள். தொண்டை சரியில்லை என்று வண்டியை எடுத்துக்கொண்டு போய்விட்டேன்.

அந்த வாரம் என் கால் தரையில் படவில்லை. மன்னிக்கப்பட்டவனுக்குக் கண்ணீர் வரும் என்பார்கள். எனக்குச் சிரிப்பு வந்தது. மூட்டை ஏற்றும்போது சிரிப்பு, ரிவர்ஸ் எடுக்கும்போது சிரிப்பு. முழுப் பரீட்சையிலும் வெள்ளைத்தாள் கொடுத்தவனைப் பாஸ் போட்டால் எப்படி இருக்கும்? அப்படி. அதை யாரிடமாவது சொல்ல வேண்டும், ஒரே ஒரு ஆளாவது நம்ப வேண்டும். கிடைக்கவில்லை. அம்மாகூட நெற்றியில் கையை வைத்துக் காய்ச்சலா என்று பார்த்தார்.

வாரத்தின் நடுவில் காய்கறி அக்கா என் ஆட்டோவைக் கை காட்டி நிறுத்தினார். முகம் வாடியிருந்தது. இனி அந்த மாடிக்கு வருவதாக இல்லை என்றார். ஊரை விட்டு, ஆட்களை விட்டு இங்கே வந்தபின் வாய்விட்டு அழ அவருக்கு இருந்தது அந்த ஒரே இடம்தான். அங்கேயும் பாஸ்டரே தன்னை அழுது காட்டிச் சிரிக்கவைத்தார் என்றால் எங்கே போய் அழுவது என்று கேட்டார்.

 இறங்கி நின்று சொன்னேன்.

"அக்கா, அது பாஸ்டர் இல்ல. நான்தான். நான்தான் உங்கள மாதிரி அழுது காட்டினேன்."

அக்கா என்னை உற்றுப் பார்த்தார். பிறகு என் தோளைத் தட்டினார்.

"அவரக் காப்பாத்தப் பாக்குற. நீ நல்ல பையன் தம்பி. உன்னையப் போயி இத்தன நாளும் வெறும் கேலிக்காரன்னு நெனச்சிட்டேன்."

ஒரு பை வெண்டைக்காய் வேறு கொடுத்துவிட்டு வண்டியைத் தள்ளிக்கொண்டு போனார். இருபத்துச் சொச்சம் வருஷ வாழ்க்கையில் என்னை நல்ல பையன் என்று ஒருவர் சொன்னது அன்றைக்குத்தான். அதுவும் நான் உண்மை சொன்னதை நம்பாமல்.

மறுநாள் காக்கநாட்டுக்கு ஒரு மிளகு லோடு இருந்தது. இறக்கிவிட்டு சேட்டனுக்குப் போன் போட்டேன். கம்பெனி வாசலுக்குக் கழுத்தில் அட்டையோடு வந்தார். எதிர்க்கடையில் சாயா வாங்கிக் கொடுத்துவிட்டு எல்லாவற்றையும் மலையாளத்தில் சொன்னேன். சொல்லச் சொல்ல அவர் முகம் வெளுத்தது. சமையல்காரர் அண்ணன் கரிமீன் கரிமீன் என்று சொன்னது மட்டும் அவருக்குப் புரிந்திருக்கிறது. சாப்பாட்டுக்குக் கூப்பிடுகிறார் என்று நினைத்துத்தான் அவ்வளவு சந்தோஷமாகத் தலையாட்டினாராம். அதைச் சொல்லிவிட்டு அவருக்கே சிரிப்பு வந்துவிட்டது. கண்ணாடியைக் கழற்றிக்கொண்டு, சுவரில் சாய்ந்து, செக்யூரிட்டி திரும்பிப் பார்க்கிற அளவுக்குச் சிரித்தார். நான் சிரிக்கவைக்காமல் ஒருவர் என் முன்னால் அப்படிச் சிரித்ததை அன்றுதான் பார்த்தேன்.

சிரித்து முடித்து ஒன்றே ஒன்றுதான் கேட்டார். நான் ஜெபத்தில் சொன்னது சத்தியமா? சத்தியம் என்றேன். சரி என்றார். அவ்வளவுதான். குறுக்கு விசாரணை கிடையாது. அன்றைக்கு நான் தமிழில் சொன்னதில் ஒரு வார்த்தைகூடப் புரியாத மனிதர்தான் என்னை முதலில் நம்பினார்.

அப்புறம் அக்கா விஷயத்தைச் சொன்னேன். சிரிப்பு நின்றுபோனது. சாயாவைக் கீழே வைத்துவிட்டு, சனிக்கிழமை லீவு, தானே போய் அக்காவிடம் மன்னிப்புக் கேட்பதாகச் சொன்னார்.

எனக்கு ஒன்றும் புரியவில்லை. "நீங்க ஒண்ணும் பண்ணலையே சேட்டா. பண்ணினது நான்" என்றேன்.

தம்பி என்பதற்கு அனியா என்று தொடங்கி, அவருக்குத் தெரிந்த தமிழைத் தேடிப்பிடித்துச் சொன்னார். "அனியா, நீ சொன்னா அக்கா நம்பறதில்ல. அவங்க மனசு நொந்து கிடக்கு. ஆராவது மாப்பு கேக்கணுமே."

திரும்பி வரும்போது வண்டி பாலத்தில் ஏறிக்கொண்டிருந்தது. அங்கேதான் எனக்கு உறைத்தது. ஒன்றுமே செய்யாத ஒருவர், செய்த என் இடத்தில் போய் நிற்கப் போகிறார். இதைத்தானே நான் வாரா வாரம் கைக்குட்டையால் நெற்றியைத் துடைத்துக்கொண்டு தமிழில் கத்தினேன்? பாவமே அறியாதவர் பாவியின் இடத்தில் நின்றார் என்று. சொன்னேனே தவிர, காதில் போட்டுக்கொள்ளவில்லை. நான் மேடையில் இன்னொருவருடைய 'நான்' ஆக நின்றவன். சிலுவையில் இயேசு என்னுடைய 'நான்' ஆக நின்றிருக்கிறார். என் கரிமீன், என் பொய், அக்காவின் அழுகையை நான் அழுத அழுகை, எல்லாவற்றையும் தன் கணக்கில் வாங்கிக்கொண்டிருக்கிறார். சேட்டன் தெரியாமல் தலையாட்டினார். இயேசு தெரிந்தே தலையாட்டினார். அப்புறம் எனக்கு என்ன பாக்கி? ஒன்றுமில்லை. பாலத்து உச்சியில் வண்டியை ஓரம் கட்டிவிட்டு ஹேண்டில்பாரில் தலையை வைத்துச் சிரித்தேன். பின்னால் வந்த பஸ்காரன் மலையாளத்தில் உள்ளதெல்லாம் சொல்லித் திட்டினான். அவனுக்கும் ஒரு ஸ்தோத்திரம் சொன்னேன்.

சனிக்கிழமை சேட்டன் சொன்னபடியே காய்கறி வண்டிக்குப் போனார். நான் மூட்டை இறக்கிக்கொண்டு தூரத்தில் இருந்தேன். நடுத்தெருவில் அவர் கைகூப்பி நிற்பதும், அக்கா பதறி அவர் கையை விலக்குவதும் தெரிந்தது. பிறகு ஒரு கட்டு முருங்கைக்காயை அவர் கையில் திணித்து அனுப்பினார். ஞாயிற்றுக்கிழமை மாடிக்கும் வந்தார். ஆனால் முன்னால் உட்காரவில்லை. ஜெபத்தில் சத்தமும் வரவில்லை. உதடு மட்டும் அசைந்தது.

நான் வாயை மூடிக்கொண்டிருந்தால் எல்லாம் சுபமாக முடிந்திருக்கும். பழியைப் பாஸ்டர் வாங்கியாயிற்று, எனக்கு நல்ல பையன் என்ற பேரும் வெண்டைக்காயும் கிடைத்தாயிற்று. கடவுள் மன்னித்ததும் நிச்சயம், அதற்காக நான் எதையும் செய்துகாட்ட வேண்டியதில்லை. ஆனால் அக்காவின் அசையும் உதட்டைப் பார்த்துக்கொண்டு உட்கார முடியவில்லை. மன்னிப்பு வாங்குவதற்காக நான் எழுந்திருக்கவில்லை. வாங்கியவனால் சும்மா உட்கார முடியவில்லை.

பாட்டு முடிந்து சாட்சி நேரம் வந்தது. ஆண்டவர் தனக்குச் செய்ததை யார் வேண்டுமானாலும் எழுந்து சொல்லலாம். எழுந்தேன். அதற்குள்ளேயே கடைசி வரிசையில் பரோட்டா அளியன் கையைத் தேய்த்துக்கொண்டு தயாரானான். சில முகங்களில் சிரிப்பு வந்து உட்கார்ந்துவிட்டது.

"இது பாஸ்டர் சொல்லி நான் சொல்றது இல்ல" என்றேன். "போன வாரம் சொன்னதும் அவர் சொன்னதில்ல. கரிமீன் நான் எடுத்தது."

அவ்வளவுதான் ஒழுங்காக வந்தது. அதன்பிறகு என் வாய் என்னைக் கைவிட்டது. நாள் முழுக்கப் பேசினாலும் வற்றாத வாய், மைக்கைப் பிடித்தவுடன் வறண்டு ஒட்டிக்கொண்டது. தமிழ் தேடினால் மலையாளம் வந்தது, மலையாளம் தேடினால் இருமல் வந்தது. சொல்ல வேண்டிய இடத்தை விட்டுவிட்டுச் சம்பந்தமில்லாத இடத்தில் ஸ்தோத்திரம் சொன்னேன். இயேசு எனக்காக மரித்தார் என்பதைச் சொல்லப் போய் முதலிலிருந்து மறுபடி மறுபடி ஆரம்பித்தேன். ஊரிலிருந்து திரும்பியிருந்த தையல்காரர் சேட்டனுக்காக நான் சொல்வதை மலையாளத்தில் சொல்லிக்கொண்டிருந்தார். அவர் புத்திசாலி. முறைப்படி 'நான்' என்று சொல்லித் தானும் மாட்டிக்கொள்ள விரும்பாமல், ஒவ்வொரு வரிக்கும் முன்னால், 'இவன் சொல்கிறான்' என்று சேர்த்துக்கொண்டார்.

அக்கா எழுந்து நின்றார்.  

"நீதான்னா செஞ்சு காட்டு" என்றார். "நான் அழுகுற மாதிரி அழு. பாக்குறேன்."

என் உருப்படிகளிலேயே அதுதான் எனக்குத் தண்ணீர் பட்ட பாடு. எத்தனை காலை செய்திருக்கிறேன். வாயைத் திறந்தேன். அந்த ஏற்றம் வரவில்லை, இறக்கமும் வரவில்லை. தவளை கத்துவது போல ஏதோ ஒன்று வந்தது. மூக்கிலிருந்து ஒழுகியது. மைக் வேறு கீச்சென்று கத்தியது. நான் அதைப் பிடித்துக்கொண்டு, "மன்னிச்சிருங்கக்கா, மன்னிச்சிருங்கக்கா" என்றேன். வேறு ஒன்றும் வரவில்லை.

 அக்கா முந்தானையால் தன் கண்ணைத் துடைத்தார்.

"சரி, உக்காரு" என்றார். "மூக்கத் தொடச்சுக்க மொதல்ல."

யாரோ ஆமென் என்றார்கள். சமையல்காரர் அண்ணன் பாஸ்டரைத் திரும்பிப் பார்த்து ஒரு பெரிய பெருமூச்சு விட்டார். சேட்டன் என்னைப் பார்த்துத் தலையாட்டினார், இந்தத் தடவை புரிந்து. கடைசி ஜெபத்தில் அக்காவின் சத்தம் மறுபடி எழும்பி ஜன்னலைத் தாண்டித் தெருவுக்குப் போனது. நான் பக்கத்தில் நின்று, அவர் கேட்டதையே எனக்குத் தெரிந்த தமிழில் கேட்டேன்.

படியிறங்கி வரும்போது பரோட்டா அளியன் கீழே செருப்பை மாட்டிக்கொண்டு நின்றான். கைதட்டவில்லை, சிரிக்கவும் இல்லை. இவன் ஒருவன் நம்பினால் போதும் என்று எனக்கு இருந்தது. மூக்கைச் சட்டைக் கையில் துடைத்துக்கொண்டே, இப்போதும் நான் நடிக்கிறேன் என்றுதான் நினைக்கிறாயா என்று கேட்டேன். அவன் என்னை மேலும் கீழும் பார்த்தான்.

"ஆக்டிங்னா நீ இவ்ளோ கேவலமா பண்ணியிருக்க மாட்ட அளியா."